தார் பூசிய அடிச்சட்டம்

கிறேஸ் ரீச்சர் தொலைபேசியில் சத்தம் போட்டுக் கதைக்கிறவர் அல்ல. அன்றைக்குப் போட்டார்.

“தாஹிர் தம்பி, கடிதம் வந்திட்டுது! வாற மாதம் நாலாம் திகதி றெயில்வே இன்ஸ்பெக்டர் ஐயா நேர வாறாராம். எங்கட பெட்டியைப் பாத்துச் சரியெண்டு சொன்னால், ஒருநாளைக்கு டவுன் ஸ்டேசன் மட்டும் இழுத்துக்கொண்டு போக விடுவினமாம். கேக்குதா உங்களுக்கு?”

“கேக்குது ரீச்சர்.”

“மைக்கலுக்குச் சொல்லிப்போட்டன். அந்தாள் அழுகுது.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான் அபூதாஹிர்.

கிண்ணியாவில் பெரிய வீதியோரம் அவனுக்கு ஒரு வெல்டிங் பட்டறை. வயது நாற்பத்தாறு. அந்த நேரம் ஒரு உழவு இயந்திரப் பெட்டியின் உடைந்த கொக்கியை ஒட்டிக்கொண்டிருந்தான். தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மறுபடி குனிந்தான். ஒட்டு நேராக விழவில்லை. அரைத்து எடுத்துவிட்டுத் திரும்பவும் ஒட்டினான். அதுவும் கோணல். கொக்கிக்குச் சொந்தக்காரன் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நாளைக்கு வாறன் நானா” என்று எழும்பிப் போனான்.

ரீச்சர் சொன்ன பெட்டி ஒரு மரப் புகையிரதப் பெட்டி. தொண்ணூறு வயதுக்குமேல் இருக்கும். சீனக்குடா ஸ்டேசனுக்கு அப்பால், ஆரும் பாவிக்காத சாமான் கொட்டகை ஒன்றுக்குள் கறையான் தின்னக் கிடந்தது. கிறேஸ் ரீச்சர் தம்பலகாமத்தில் புவியியல் படிப்பித்த காலம் முழுவதும் பஸ் யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டுதான் போய்வந்தார். “ஒரு பொருள் இப்பிடிச் சும்மா அழியிறதை ஒவ்வொருநாளும் பாத்துக்கொண்டு போக என்னால ஏலாமக் கிடந்தது” என்பார். அதைவிட வேறு காரணம் அவரிடம் இருக்கவில்லை. ஓய்வுபெற்றதும் கடிதம் எழுதத் தொடங்கினார். ஏழு வருடம் எழுதினார். கடைசியில், அந்தப் பெட்டியைச் சொந்த முயற்சியில் திருத்தலாம் என்று அனுமதி வந்தது. கூலியில்லை. சனிக்கிழமைகளில் விரும்பினவர்கள் வந்து வேலை செய்வது என்று ஏற்பாடு.

அந்தப் பெட்டி ஒருநாளும் ஓடாது என்பது அபூதாஹிருக்கு முதல் நாளே தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

அது எரிபொருளுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம். மின்சாரம் வரும், போகும். காஸ் இல்லை, வெல்டிங் குச்சி இல்லை, இருந்தாலும் கேற் செய்யச் சொல்லி வருவார் இல்லை. அபூதாஹிர் பட்டறையைப் பூட்டிவிட்டு ஐந்து மாதம் வீட்டில் இருந்தான். முதலில் பகிடி விடுவதை நிறுத்தினான். பிறகு கதைப்பதையே நிறுத்தினான். விடியற்காலையில் எழும்பிக் கிணற்றடிக்குப் போனாலும் மனைவி சித்தி பரீதா பின்னாலேயே வந்து நின்றாள். ஏன் வந்தாய் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சீனக்குடாவில் ரீச்சர் ஒருவர் ஆட்கள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டதும், “போயிட்டு வாங்க. சும்மாவெண்டாலும் போயிட்டு வாங்க” என்று சைக்கிளைத் துடைத்துக் கொடுத்து அனுப்பியவள் அவள்தான்.

வேலையில்லாத காலத்தில் ஆட்கள் சேருவது லேசு. அந்த முதல் சனிக்கிழமை பதினொரு பேர் நின்றார்கள். பாலையூற்றில் வள்ளம் கட்டுகிற மைக்கல் அண்ணன், மின்சார வேலை தெரிந்த றிப்தி, பெயின்ற் அடிக்கிற டிலுக்‌ஷன், இன்னும் கொஞ்சப் பேர். கிறேஸ் ரீச்சர் அனுமதிக் கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு நிபந்தனை இருந்தது: முதலில் அடிச்சட்டத்தைப் பார்க்க வேண்டும், அது பழுதென்றால் வேலையைத் தொடங்காமல் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

“எங்களுக்குள்ள இரும்பு தெரிஞ்சவர் நீங்கள் ஒராள்தான் தம்பி” என்றார் ரீச்சர்.

அபூதாஹிர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சுத்தியலோடு பெட்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தான். பெட்டியின் முழுப் பாரமும் இரண்டு நீள இரும்புச் சட்டங்களில்தான் நிற்கிறது. ஒரு முனையிலிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டு வந்தான். நல்ல இரும்பு தட்டினால் பாடும். முதல் பத்தடியும் பாடியது. பெட்டியின் நடுவில், கழிப்பறைத் தண்ணீர் வருடக்கணக்காக ஒழுகிய இடத்துக்குக் கீழே, ஓசை செத்துப்போனது. இன்னொரு தரம் தட்டினான். சுத்தியல் உள்ளே போய்விட்டது. துருப் பொருக்கு கண்ணிலும் வாயிலும் கொட்டியது. மற்றச் சட்டத்துக்குப் புரண்டுபோய் அதே இடத்தில் தட்டினான். அதுவும் அப்படித்தான்.

சட்டத்தை மாற்றுவதென்றால் பெட்டி முழுவதையும் தூக்க வேண்டும். அதற்கான பாரந்தூக்கியும் இடமும் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. அவன் அப்படியே கொஞ்சநேரம் படுத்துக் கிடந்தான். மேலே ஆட்கள் நடக்கிற சத்தம் கேட்டது. ஆரோ சிரித்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தத்தை அவன் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. இப்போது வெளியே போய் உள்ளதைச் சொன்னால் பத்து நிமிசத்தில் எல்லாரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவனும் போக வேண்டும். போய் அந்த விறாந்தைக் கதிரையில் இருக்க வேண்டும்.

வெளியே தவழ்ந்து வந்தான். மைக்கல் அண்ணன் கை கொடுத்துத் தூக்கினார்.

“என்ன மாதிரித் தம்பி? சட்டம் தாங்கிப் பிடிக்குமா?” என்றார் ரீச்சர்.

“பிடிக்கும் ரீச்சர். நடுவில கொஞ்சம் வேலை இருக்கு. நான் பாத்துக்கொள்ளுறன்.”

எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். அதற்குள் மைக்கல் அண்ணன் பழைய தரைப் பலகையெல்லாம் கழற்றி அடுக்கிவிட்டார். அதற்கடுத்த கிழமை றிப்தியின் வீட்டிலிருந்து எல்லாருக்கும் சாப்பாடு வந்தது. மூன்றாம் மாதம் மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கியபோது, அபூதாஹிர் தன் வெல்டிங் பிளாண்டைக் கொண்டுபோய் இரண்டு சட்டத்துக்கும் தகடு வைத்து ஒட்டினான். அழுகின இரும்பில் ஒட்டு நிற்காது. அது எந்த வெல்டிங்காரனுக்கும் தெரியும். ஒட்டிவிட்டு, மேலால் இரண்டு பூச்சுத் தார் அடித்தான். தார் காய்ந்த பிறகு பார்த்தால் நல்ல சட்டம் மாதிரித்தான் இருந்தது. அவனுக்கே சில நாட்களில் அப்படித் தோன்றும்.

அந்தச் சனிக்கிழமைகளில் அவன் திரும்பவும் கதைக்கப் பழகினான். பகிடியும் வந்தது. பட்டறையைத் திறந்தான். ஊரில் வேலைகள் மெல்ல மெல்லத் திரும்பி வர, ஆட்களுக்குச் சனிக்கிழமைகள் இல்லாமல் போயின. றிப்தி கட்டாருக்குப் போனான். டிலுக்‌ஷன் ருமேனியாவுக்கு. சிலர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். மூன்றாவது வருடம் முடியும்போது மிஞ்சியவர்கள் மூன்று பேர்: ரீச்சர், மைக்கல் அண்ணன், அவன்.

மைக்கல் அண்ணன் செய்த வேலையை நேரில் பார்த்தால்தான் நம்பலாம். தரை முழுக்கப் புதுப் பலகை. பதினாறு யன்னல். பக்கச் சுவருக்கு ஆணியே அடிக்காமல் தேக்குப் பலகையைப் பலகைக்குள் கோத்திருந்தார். முதல் வருடம் சீவும்போது ஒரு சிராய் பறந்து அவருடைய இடக்கண்ணுக்குள் போனது. அந்தக் கண்ணில் இப்போது நிழல்தான் தெரியும். இரண்டு மாதம் கட்டோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்து, “வள்ளம் கட்ட ஒரு கண் காணும்” என்றார்.

ரீச்சர் வெல்வெற் துணி எடுத்துத் தன் கையாலேயே இருக்கைகளுக்கு உறை தைத்தார். அவருக்கு ஒரே மகன், மெல்போர்னில். இரண்டு வருடத்துக்கு முதல் அம்மாவைத் தன்னோடு வைத்திருக்கவென்று விசா எடுத்து அனுப்பினான். “பெட்டி ஓடட்டும், பிறகு வாறன்” என்று எழுதிவிட்டார். விசாவுக்கு இருந்த காலம் முடிந்துபோனது. இனி விண்ணப்பிக்க வழியில்லையாம். சட்டம் மாறிவிட்டதாம். அதை ஒரு சனிக்கிழமை, உறை தைத்துக்கொண்டே, ஆருக்கோ நடந்தது மாதிரிச் சொன்னார். அபூதாஹிர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இருந்தும் சொல்லவில்லை.

இப்போது இன்ஸ்பெக்டர் வருகிறார்.

கடிதம் வந்த கிழமை, எப்படியும் சொல்லிவிடுவதென்று மோட்டார் சைக்கிளில் உவர்மலையில் ரீச்சரின் வீட்டுக்குப் போனான். ரீச்சர் மேசையில் ஒரு பெரிய தாளை விரித்துவைத்துப் பெட்டியின் இருக்கைகளைச் சதுரம் சதுரமாகக் கீறியிருந்தார். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பெயர்.

“இருங்கோ தம்பி. முதல் நாள் வந்த பதினொரு பேருக்கும் சீற் போட்டிருக்கிறன். றிப்தி வரமாட்டான், டிலுக்‌ஷனும் வரமாட்டான். எண்டாலும் அந்தச் சீற்றில ஒருத்தரும் இருக்கக் கூடாது. வெறுமையாப் போகட்டும். நீங்கள் எந்தப் பக்கம் இருக்கப்போறியள்? கடல் பக்கமா?”

“ரீச்சர்…” என்றான்.

“சொல்லுங்கோ.”

“இன்ஸ்பெக்டர் வாறதைக் கொஞ்சம் பிந்திப் போடச் சொல்ல ஏலாதா?”

“ஏன்?”

அவன் தாளைப் பார்த்தான். தன் பெயர் அழகான கையெழுத்தில் இருந்தது. “ஒண்டுமில்லை. வாசல் படிக்கு இன்னுமொரு பெயின்ற் அடிச்சால் நல்லம்.”

ரீச்சர் சிரித்தார். “அது நான் அடிக்கிறன். நீங்கள் பயப்பிடாதேங்கோ. எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு, சோதினைக்குப் போற மாதிரி.”

வீட்டுக்கு வந்து பரீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். மூன்று வருடம் ஏழு மாதத்துக்குப் பிறகு அதை முதன்முதலாகக் கேட்ட ஆள் அவள். குசினி வாசலில் நின்று கடைசிவரை கேட்டாள்.

“இப்பவே திரும்பிப் போங்க. போய்ச் சொல்லுங்க.”

“ஏலாது.”

“அந்த மனிசன் வந்து கண்டுபிடிச்சா இன்னும் கேவலமில்லையா?”

“அண்டைக்கு நீதானே என்னைப் போகச் சொன்ன” என்றான். சொன்ன கையோடேயே, சொல்லியிருக்கக் கூடாதென்று அவனுக்குத் தெரிந்தது.

பரீதா, “ஓம், நான்தான் அனுப்பினன். உசிரோட திரும்பி வரோணும் எண்டு அனுப்பினன். பொய் சொல்ல அனுப்பல்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் சில வேளை தாரைச் சுரண்டாமல் விடலாம். சில வேளை மேல் வேலையின் அழகைப் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். அப்படிப் போட்டால் பெட்டியில் ஆட்கள் ஏறுவார்கள். இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் வேண்டினான், கண்டுபிடிக்கக் கூடாது என்றும் வேண்டினான். நாலாம் திகதி வரைக்கும் அப்படியே போயிற்று.

இன்ஸ்பெக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்கள மனிதர். கதைக்குமளவுக்குத் தமிழ் தெரியும். முதலில் பெட்டிக்குள் ஏறினார். மைக்கல் அண்ணன் கோத்த பலகைகளைக் கையால் தடவிக்கொண்டு முனைக்கு முனை நடந்தார். ஒரு யன்னலை ஏற்றி இறக்கினார். அது சத்தமில்லாமல் இறங்கியது.

“லஸ்ஸனய்” என்றார், அழகு என்று சிங்களத்தில். பிறகு தமிழில், “நல்ல வேலை. மிச்சம் நல்ல வேலை. இது யாரு?”

மைக்கல் அண்ணன் வெட்கத்தோடு கையை உயர்த்தினார். ரீச்சர் தன் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் கீழே இறங்கி, நீளக் கால்சட்டையை மடித்துவிட்டு, ரோச் லைற்றும் சிறிய சுத்தியலுமாகப் பெட்டிக்கு அடியில் போனார். தட்டுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு தட்டும் எந்த இடம் என்று அபூதாஹிருக்குத் தெரியும். பாடியது, பாடியது. பிறகு நின்றது. சுரண்டுகிற சத்தம். மறுபடி ஒரு தட்டு. ஏதோ பொலபொலவென்று கொட்டியது.

வெளியே வந்தபோது அவருடைய தலைமுடியில் துரு இருந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

“கீழ தகடு வச்சு வெல்ட் பண்ணி, தார் பூசியிருக்கு. அது யாரு செஞ்சது?”

“நான்தான் சேர்” என்றான் அபூதாஹிர்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“ஓம்.”

ரீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன தெரியும்? தம்பி, அவர் என்ன சொல்லுறார்?”

இன்ஸ்பெக்டர்தான் சொன்னார். மெல்லிய குரலில், ஆஸ்பத்திரியில் சொல்வது போலச் சொன்னார். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் இரும்பே இல்லை. இழுத்தால் முறியும். ஆள் ஏறாவிட்டாலும் முறியும்.

“ஓட வேண்டாம் ஐயா” என்றார் ரீச்சர். “ஓடாட்டிப் பரவாயில்லை. இந்த இடத்திலயே நிக்கட்டும். சனம் வந்து பாக்கட்டும்.”

“இந்தக் கொட்டகையும் உடைக்கப்போறாங்க மிஸ். காணிய வேற வேலைக்குக் கேட்டிருக்கு. வேற எடத்துக்குத் தூக்கவும் ஏலாது. தூக்கினா ரெண்டாப் போகும்.” சுத்தியலைப் பைக்குள் வைத்தார். “எனக்கும் கவலைதான். நான் உள்ளதை எழுதோணும்.”

அவருடைய வாகனம் போனபிறகு மூன்று பேரும் கொட்டகைக்குள் நின்றார்கள். மைக்கல் அண்ணன் தன் உளி, சீவுளி, வாள் எல்லாவற்றையும் பொறுக்கிச் சாக்குக்குள் போடத் தொடங்கினார். மூன்றரை வருடமாக அந்த மூலையிலேயே இருந்த சாமான்கள். சாக்கைக் கட்டி முடித்தபிறகுதான் திரும்பினார்.

“என்ர கண்ணுக்குள்ள சிராய் போன அண்டைக்கு நீ பக்கத்தில நிண்டனி. தோளில சாய்ச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நீதான். அண்டைக்காவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், தாஹிர்.”

“அண்ணன்…”

“வேண்டாம்.” சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

ரீச்சர் பெட்டியின் படியில் இருந்தார். முந்தின இரவு அடித்த பெயின்ற் இன்னும் சரியாகக் காயவில்லை. சேலையில் ஒட்டியது. அவர் கவனிக்கவில்லை.

“எப்ப தெரியும் தம்பி?”

“முதல் நாளே.”

“முதல் நாள்” என்று திருப்பிச் சொன்னார். “பிடிக்கும் எண்டு சொன்ன அண்டைக்கா?”

“ஓம் ரீச்சர். அண்டைக்குச் சொல்லியிருந்தா அண்டைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். அதுதான்…”

“முடிஞ்சிருக்கும், ஓம். நான் ஒரு கிழமை அழுதிருப்பன். பிறகு மகனிட்டப் போயிருப்பன்.”

அபூதாஹிர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, உள்ளதையே சொன்னான். “உங்களுக்காக எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் இருந்தன். அது பொய். எனக்கு அந்தச் சனிக்கிழமை வேணுமாக் கிடந்தது ரீச்சர். அது இல்லாட்டி நான் அந்த வருசம் தப்பியிருக்க மாட்டன்.”

ரீச்சர் நிமிர்ந்து அவனை நன்றாகப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

“அதை என்னட்டச் சொல்லியிருக்கலாமே. என்ர வீட்டுக்கு வாங்கோ எண்டு சொல்லியிருப்பன். ஒவ்வொரு சனியும் வந்து இருந்து கதைச்சுப்போட்டுப் போங்கோ எண்டு சொல்லியிருப்பன். அதுக்கு ஒரு கோச்சிப் பெட்டி தேவையே?”

அவன் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். வேண்டாம் என்று, பிரதான வீதி வரைக்கும் நடந்துபோய் ஓட்டோ பிடித்தார்.

இரண்டு மாதத்தில் பெட்டி பழைய இரும்பு விலையில் போனது. எடுத்தவர்கள் வெளியூர் ஆட்கள். அவர்களுடைய காஸ் கட்டர்காரனுக்குக் காய்ச்சல் என்று கிண்ணியாவில் ஆள் தேடிக்கொண்டு வந்தார்கள். தேடி வந்தது அபூதாஹிரின் பட்டறைக்கு. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். வேறொருவன் நெருப்பு வைத்தால் பலகையும் சேர்ந்து எரியும் என்ற நினைப்பு வந்தது. “வாறன். மரத்தைக் கழட்ட எனக்கு முதலில ஒரு நாள் தரோணும்” என்றான். அரை நாள் தருவதாகச் சொன்னார்கள்.

பாலையூற்றுக்குப் போய் மைக்கல் அண்ணன் வீட்டுப் படலையில் நின்று கூப்பிட்டான். அவருடைய மனைவி வெளியே வந்தார்.

“அவர் கடலுக்குப் போட்டார் தம்பி.”

உள்ளே ஆளின் இருமல் கேட்டது. அந்த அம்மாவுக்கும் கேட்டது. அவர் நிலத்தைப் பார்த்தார்.

“பெட்டியைக் கழட்டப் போறாங்கள் அக்கா. அவர்ட வேலையை உடையாமக் கழட்ட எனக்குத் தெரியாது. அதைத்தான் கேக்க வந்தனான்.”

“வந்தால் சொல்லுறன்.”

அவர் வரவில்லை. அபூதாஹிர் தனியே கழற்றினான். ஆணி அடித்திருந்தால் பிடுங்கியிருக்கலாம். பலகைக்குள் பலகையாகக் கோத்ததை எங்கே தொடங்குவதென்று அதைக் கோத்தவருக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் நெம்பினால் மறுபக்கம் வெடித்தது. நெம்பி, தட்டி, கெஞ்சி, கடைசியில் நேரம் போகப்போக உடைத்தான். அரை நாள் முடிவில் முழுசாக மிஞ்சியது யன்னல் சட்டங்கள் நான்கு, வெல்வெற் உறைகள் கொஞ்சம். மற்றதெல்லாம் விறகு. வேலையாட்கள் அதை வண்டியில் அள்ளினார்கள்.

பின்னேரம் நெருப்பைப் பற்றவைத்துக்கொண்டு அடிச்சட்டத்துக்குப் போனான். நடுவில், தான் வைத்த தகட்டுக்குப் பக்கத்தில் வெட்டத் தொடங்கினான். பாதியும் வெட்டவில்லை. பெட்டி ஒரு பெருமூச்சுப் போலச் சத்தம் போட்டு நடுவில் முறிந்து குந்திவிட்டது. “நானா, விலகுங்க!” என்று ஆரோ கத்தினார்கள். விலகினான். கொஞ்சநேரம் தூசி பறந்தது. பிறகு ஒரு முனைக்குப் போய் மிச்சத்தை வெட்டினான்.

யன்னல் சட்டங்களையும் உறைகளையும் ஒரு பெருநாள் வந்துபோன பிறகுதான் உவர்மலைக்குக் கொண்டுபோக மனம் வந்தது. சிறிய லொறியில் கொண்டுபோனான். ரீச்சர் மெலிந்திருந்தார். விறாந்தையில் நின்றபடியே பார்த்தார்.

“எங்கை தம்பி வைக்கிறது இதுகளை? வீட்டில எல்லா யன்னலும் இருக்கு.”

“இஞ்ச ஒரு மூலையில…”

“வேண்டாம். மைக்கலிட்டக் குடுங்கோ.”

“அவர் வாங்கமாட்டார் ரீச்சர்.”

“அப்ப நீங்களே வச்சிருங்கோ” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. உறைகளை மட்டும் வாங்கி, மடித்து, கதிரையில் வைத்தார். மகனுக்குக் குழந்தை பிறந்திருப்பதாகவும் படம் அனுப்பினதாகவும் சொன்னார். படத்தைக் காட்டவில்லை.

அவன் திரும்பும்போது படலையைக் கண்டான். இரும்புக் கேற். ஒரு பக்கப் பிணைச்சல் விட்டுக் கேற் நிலத்தில் சாய்ந்து, கயிற்றால் கட்டியிருந்தது.

“இதுக்கு என்ன நடந்தது?”

“தண்ணி பவுசர் பின்னுக்கு எடுக்கேக்க இடிச்சுப்போட்டுது. போன மாதம்.”

“ஒட்டித் தரட்டா ரீச்சர்? பிளாண்ட் லொறியிலதான் கிடக்கு.”

ரீச்சர் கயிற்றைப் பார்த்தார். வீதியைப் பார்த்தார். “சரி” என்றார்.

ஒரு மணித்தியாலம் வேலை செய்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ஒட்டியது வேறொன்றுமில்லை. பழைய துருவையெல்லாம் வெள்ளை இரும்பு தெரியும்வரை அரைத்தான். இரண்டு பக்கமும் ஒட்டு ஓடவிட்டு, ஆறவிட்டு, தட்டிப் பார்த்தான். பாடியது. ஒட்டின இடத்துக்குப் பெயின்ற் அடிக்கவில்லை. ஆருக்கும் தெரியட்டும் என்று வெறுமையாகவே விட்டான்.

“முடிஞ்சுது ரீச்சர்.”

ரீச்சர் விறாந்தையை விட்டு இறங்கி வந்தார். கேற்றைத் தொடவில்லை.

“கோவிக்காதேங்கோ தம்பி. பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில இரும்பு வேலை பாத்தவர். அவரை ஒருக்கா வந்து பாக்கச் சொல்லியிருக்கிறன்.”

“ஓம் ரீச்சர். அது சரிதான்.”

பக்கத்து வீட்டுக்காரர் பெனியனும் சாரமுமாக வந்தார். கேற்றைப் பிடித்து ஆட்டினார். குனிந்து பிணைச்சலைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். ஒரு காலைத் தூக்கி அடிக்கம்பியில் வைத்து முழுப் பாரத்தையும் போட்டுப் பார்த்தார். அபூதாஹிர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக நின்றான். அந்த மனிதர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் நிற்கத்தானே வேண்டும்.

“நல்லாத்தான் ஒட்டியிருக்கிறார் மிஸ்” என்றார் அவர் கடைசியில்.

ரீச்சர் தலையை ஆட்டினார். அவருக்கு நன்றி சொன்னார். பிறகு அபூதாஹிருக்கும் சொன்னார். தேத்தண்ணி குடிக்கிறியளா என்று கேட்கவில்லை.

அவன் வயரைச் சுற்றி எடுத்து, யன்னல் சட்டங்களுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, லொறியைத் திருப்பினான்.